போபாலில் யாருக்கு என்ன தெரிந்திருந்தது?

போபால் நச்சுவாயுப் பேரழிவு பற்றிய நம் வகுப்பறை உரையாடல்கள் பெரும்பாலும் இரண்டு தடங்களில் செல்கின்றன. ஒன்று தொழில்நுட்பத் தடம்: தொட்டிக்குள் தண்ணீர் எப்படிப் புகுந்தது, எந்தப் பாதுகாப்பு அமைப்பு செயலிழந்திருந்தது. மற்றொன்று நீதித் தடம்: வாரன் ஆண்டர்சன் எப்படி வெளியேறினார், இழப்பீடு ஏன் அவ்வளவு சுருங்கியது. இரண்டும் தேவையானவை. மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. வரலாற்று மாணவர்கள் அதைப் போதிய அளவு எழுப்புவதில்லை. அந்தத் தொழிற்சாலையைப் பற்றி யாருக்கு, எப்போது, என்ன தெரிந்திருந்தது? தெரிந்தவர்கள் சொல்லாமல் இருப்பதற்கு எந்தச் சட்டமும் எந்த வழக்கமும் இடமளித்தன?

1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவை ஒட்டி, 610ஆம் எண் தொட்டியிலிருந்து ஏறத்தாழ 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. குளிரூட்டும் அமைப்பு பல மாதங்களுக்கு முன்பே நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்தழிக்க வேண்டிய கோபுரம் பழுதுபார்ப்புக்காகத் துண்டிக்கப்பட்டிருந்தது. பொதுமக்களுக்கான அபாயச் சங்கு சில நிமிடங்கள் மட்டும் ஒலித்து நிறுத்தப்பட்டது. பணியில் இருந்த தொழிலாளர்கள் காற்று வீசும் திசையைக் கவனித்து எதிர்ப்புறமாக ஓடினர். அவர்களில் பெரும்பாலோர் பிழைத்தனர். சுவருக்கு அப்பால் குடிசைகளில் உறங்கியவர்கள் புகைமண்டலம் சென்ற திசையிலேயே ஓடினர். அந்த வாயு நீருடன் வினைபுரியும். ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டால் ஓரளவு தப்பலாம். இந்த எளிய செய்தியை அக்குடியிருப்புகளுக்கு அதுவரை எவரும் சொல்லியிருக்கவில்லை. ஒரே இரவு, ஒரே வாயு, சில நூறு மீட்டர் இடைவெளி. உயிர் பிழைப்பதற்கும் இறப்பதற்கும் இடையே அறிதல் ஒரு காரணியாக நின்றது. இக்கட்டுரையின் வாதம் இங்கிருந்தே தொடங்குகிறது.

அறியாமை தானாக விளைவதில்லை, அது உருவாக்கப்படுகிறது. போபாலில் அதை உருவாக்கிய இரு மரபுகளைத் தனித்தனியாகப் பார்க்கலாம்.

முதலாவது அரசின் மரபு. 1889இல் பிரிட்டிஷ் இந்திய அரசு கொண்டுவந்த அலுவல் இரகசியச் சட்டம், 1923இல் விரிவான வடிவம் பெற்றது. ஒற்றுவேலையைத் தடுப்பது அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் அதன் 5ஆம் பிரிவு, அரசு ஊழியர் ஒருவர் பணியின் வழியாக அறிந்த செய்தியை அனுமதியின்றிப் பகிர்வதையே குற்றமாக்கும் அளவுக்கு அகலமானது. எது இரகசியம் என்பதற்கு அச்சட்டத்தில் தெளிவான வரையறை இல்லை. விடுதலைக்குப் பின்னும் அச்சட்டம் நீடித்தது. அதைவிட முக்கியமாக, அது வளர்த்த மனப்பழக்கம் நீடித்தது: கோப்பு அரசுக்குச் சொந்தம், குடிமக்கள் மனுதாரர்கள்.

நீதிமன்றம் இப்பழக்கத்தைக் கேள்வி கேட்காமல் இல்லை. 1975இல் ராஜ் நாராயண் வழக்கில் நீதிபதி கே.கே. மேத்யூ, பொது ஊழியர்கள் பொதுவெளியில் செய்யும் ஒவ்வொரு செயலையும் அறிய மக்களுக்கு உரிமையுண்டு என்ற கருத்தை முன்வைத்தார். 1981 டிசம்பர் இறுதியில் எஸ்.பி. குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், திறந்த அரசு என்னும் கோட்பாட்டைப் பேச்சுரிமையிலிருந்தே வருவித்தது. அதே டிசம்பரில்தான் போபால் ஆலையில் பாஸ்ஜீன் கசிந்து ஒரு தொழிலாளி உயிரிழந்தார். அரசமைப்பு உரிமை வளர்ந்த வேகத்துக்கும், ஆலைச் சுவருக்கு அருகே வாழ்ந்தவர்களின் அறிவு நிலைக்கும் எவ்வளவு தொலைவு இருந்தது என்பதை அந்த ஒரு மாதம் காட்டுகிறது.

1982 மே மாதம் அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு ஆலையை ஆய்ந்து குறைபாடுகளைப் பட்டியலிட்டது. அந்த அறிக்கை நிறுவனத்துக்குள் பயணித்தது, நகரத்துக்குள் வரவில்லை. அதே ஆண்டு, உள்ளூர்ப் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி, தாம் நடத்திய சிறிய இந்தி வார இதழில் ஆபத்தை எச்சரித்துத் தொடர்ந்து எழுதினார். 1984 ஜூனில் ஜன்சத்தா நாளிதழிலும் எழுதினார். பேரழிவுக்கு ஈராண்டு முன்பு மத்தியப் பிரதேசச் சட்டமன்றத்தில் இது குறித்துக் கேள்வி எழுந்தபோது, ஆலையால் நகருக்கு ஆபத்தில்லை என்றும், அவ்வளவு முதலீடு செய்யப்பட்ட ஆலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்து வைக்கும் சிறு கல் அல்ல என்றும் தொழிலாளர் துறை அமைச்சர் பதிலளித்தார். ஆக, செய்தி முற்றிலும் இல்லாமற் போகவில்லை. அதை மெய்ப்பிக்கும் ஆவணம் ஒருவர் கையில் இருந்தது; அதைக் கேட்டுப் பெறும் அதிகாரம் கேள்வி கேட்டவர்களிடம் இல்லை.

இரண்டாவது பெருநிறுவனத்தின் மரபு. இங்கே 'தொழில்நுட்பம்' என்ற சொல்லின் பயணத்தைப் பின்தொடர்வது பயன் தரும். 1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், வெளிநாட்டு நிறுவனங்களின் பங்கை 40 விழுக்காட்டுக்குள் கொண்டுவர முயன்றது. உயர் தொழில்நுட்பம் கொண்டுவருவோருக்கு விலக்கு இருந்தது. அந்த வழியில்தான் யூனியன் கார்பைடு கார்ப்பரேஷன் தன் இந்திய நிறுவனத்தில் 50.9 விழுக்காட்டைத் தக்கவைத்தது. மீதிப் பங்குகளில் கணிசமானவை இந்திய அரசு சார்ந்த நிதி நிறுவனங்களிடம் இருந்தன. எனவே ஒழுங்குபடுத்த வேண்டிய அரசு, பங்குதாரராகவும் இருந்தது. உரிமையைத் தக்கவைக்கும்போது 'எங்களிடம் மட்டுமே உள்ள சிறப்புத் தொழில்நுட்பம்' என்பது வாதம். பேரழிவுக்குப் பின் நியூயார்க் நீதிமன்றத்தில் வாதம் திரும்பியது: ஆலையின் விரிவான வடிவமைப்பும் இயக்கமும் இந்தியர்களால் இந்தியாவில் நடந்தவை, தாய் நிறுவனத்தின் பங்கு குறைவு. 1986 மே மாதம் நீதிபதி கீனன் வழக்கை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பினார். தொழில்நுட்பம் இலாபத்தின்போது ஒருவருடைய சொத்து. பொறுப்பின்போது வேறொருவருடைய வேலை.

பேரழிவுக்குப் பின் இவ்விரு மரபுகளும் ஒன்றையொன்று தாங்கிப் பிடித்தன. இறந்தோரின் இரத்தம் செர்ரிப் பழம் போல் சிவந்திருந்ததைக் கண்ட காந்தி மருத்துவக் கல்லூரித் தடயமருத்துவப் பேராசிரியர் ஹீரேஷ் சந்திரா, சயனைடு நச்சு பற்றிய ஐயத்தை எழுப்பினார். சோடியம் தயோசல்பேட் ஊசி பலருக்கு உதவக்கூடும் என்ற கருத்து வந்தது. அவ்வாயுவில் சயனைடு இருந்தது என்பது நிறுவனத்துக்கு உகந்த செய்தியன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985இல் அம்மருந்தைப் பரிந்துரைத்த பின்னும் அது பரவலாகக் கொடுக்கப்படவில்லை. அவ்வாண்டு ஜூனில், அதை வழங்கிவந்த தன்னார்வ மருத்துவ மையத்தில் காவல்துறை புகுந்து மருத்துவர்களைக் கைது செய்தது. மருத்துவக் கருத்து வேறுபாடு காவல்துறைக்கு உரிய பொருளாக மாறியதை வரலாற்றாளர் கவனிக்க வேண்டும்.

1985இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம், பாதிக்கப்பட்டோர் அனைவரின் சார்பிலும் வழக்காடும் தனியுரிமையை ஒன்றிய அரசுக்கு அளித்தது. ஏழைகளைத் தனித்தனியாக அலையவிடக் கூடாது என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் அதன் விளைவு வேறாக அமைந்தது. பாதிப்பு பற்றிய அறிவு, பாதிக்கப்பட்டவருடைய அறிவாக இல்லாமல் அரசுத்தரப்பின் வழக்குப் பொருளாயிற்று. மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நீண்டகால ஆய்வுகள் 1994இல் முடிந்தன. மக்கள்தொகை சார்ந்த அவ்வாய்வின் தொழில்நுட்ப அறிக்கை 2004இல்தான் வெளியானது. இடையில், 1989 பிப்ரவரியில், 47 கோடி டாலருக்குச் சமரசம் முடிந்துவிட்டது. ஏறத்தாழ 3,000 இறப்புகள் என்ற மதிப்பீட்டில் அந்தத் தொகை அமைந்தது. பின்னர் இழப்பீட்டு அமைப்புகளே ஏற்றுக்கொண்ட இறப்புகள் 5,000ஐத் தாண்டின. பாதிப்புற்றோர் 5 லட்சத்தைத் தாண்டினர். எண்கள் வெளிவருவதற்கு முன்பே விலை முடிவாகிவிட்டது. அந்த எண்களைக் கொண்டு சமரசத்தைத் திறக்கக் கோரிய சீராய்வு மனுவை 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இதைச் சதி என்று சுருக்கிவிடக் கூடாது. கோப்பை மூடிய அதிகாரி, தான் அமைதியைக் காப்பதாக நம்பியிருக்கலாம். அறிக்கையைப் பூட்டிய பொறியாளர், தான் நிறுவனச் சொத்தைக் காப்பதாக நம்பியிருக்கலாம். இரகசியத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வலுவான வாதம், செய்தி தெரிந்தால் மக்கள் பீதியடைவர் என்பது. போபாலிலேயே அதற்கு ஒரு சோதனை நடந்தது. எஞ்சிய மீத்தைல் ஐசோசயனேட்டை அழிக்க, 1984 டிசம்பர் 16 முதல் அறிவியலாளர் எஸ். வரதராஜன் தலைமையில் ஆலை மீண்டும் இயக்கப்பட்டது. இம்முறை முன்கூட்டியே அறிவிக்கப்பட்டது. பல்லாயிரக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். அதைப் பீதி என்று எழுதியவர்கள் உண்டு. தேதியும் அபாயமும் தெரிந்த மக்கள் எடுத்த நியாயமான முடிவு என்றும் அதைப் படிக்கலாம். இரண்டு வாரங்களுக்கு முன்பு அவர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

போபாலின் பாடத்தை இரு நாடுகளும் சட்டமாக்கின. 1985 ஆகஸ்டில் மேற்கு வர்ஜீனியாவில் அதே நிறுவனத்தின் ஆலையில் நச்சுக்கசிவு ஏற்பட்ட பின், 1986இல் அமெரிக்கா 'சமூகத்தின் அறியும் உரிமை' என்பதைப் பெயரிலேயே கொண்ட சட்டத்தை இயற்றியது. ஆலைவாரியாக நச்சுப்பொருள் வெளியேற்றக் கணக்கு பொதுத் தரவாயிற்று. வணிக இரகசியத்துக்கு அச்சட்டம் இடம் கொடுத்தது. ஆனால் சிகிச்சைக்கு வேண்டுமெனில் வேதிப்பொருளின் அடையாளத்தை மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும் என்றது. இந்தியாவில் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 41பி பிரிவு, ஆபத்துகளைத் தொழிலாளர்களுக்கும் சுற்றுப்புற மக்களுக்கும் தெரிவிக்கும் கடமையை ஆலை நடத்துவோர் மீது சுமத்தியது. ஒன்றில் எவரும் தேடிப் படிக்கக்கூடிய பதிவேடு. மற்றதில் சொல்ல வேண்டியவரின் கடமை. கடமை மீறப்பட்டதா என்பதை அறியவும் நமக்குக் கோப்பு தேவைப்படுகிறது.

2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, 1923ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மேலாக நிற்கிறது. 8(1)(ஈ) பிரிவு வணிக இரகசியத்துக்கு விலக்களித்தாலும், பெரிய பொதுநலன் இருந்தால் வெளியிடலாம் என்கிறது. வாசல் திறந்திருக்கிறது, அதைத் தாண்டுவது ஒவ்வொரு முறையும் போராட்டமாகிறது. 2020இல் கோடிக்கணக்கானோரின் கைப்பேசியில் ஏறிய ஆரோக்கிய சேது செயலியை உருவாக்கியது யார் என்ற எளிய கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்காததால், மத்தியத் தகவல் ஆணையம் அதிகாரிகளுக்கு விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்ப நேர்ந்தது. செயலியும் நச்சு ஆலையும் ஒன்றல்ல. ஆனால் அரசும் தனியாரும் கூட்டாக இயக்கும் ஒரு தொழில்நுட்பத்தில், கேட்பவரை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பும் முறை நமக்குப் பழக்கமானதே.

2025 ஜனவரியில், போபால் ஆலையில் கிடந்த ஏறத்தாழ 337 டன் நச்சுக்கழிவு எரியூட்டப்படுவதற்காகப் பீதம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டது. அவ்வூர் மக்கள் தெருவில் இறங்கினர். தவறான செய்திகளே கிளர்ச்சிக்குக் காரணம் என்று அரசு உயர் நீதிமன்றத்தில் கூறி, மக்களுக்கு விளக்கக் கால அவகாசம் கேட்டது. நீதிமன்றக் கண்காணிப்பில் சோதனை எரிப்புகள் நடந்து, ஜூன் இறுதிக்குள் கழிவு எரிக்கப்பட்டது. விளக்கம் லாரிகளுக்குப் பின்னால் வந்தது, முன்னால் வரவில்லை. சுற்றுச்சூழல் வரலாற்றிலோ சட்ட வரலாற்றிலோ ஆய்வு செய்யும் மாணவர்கள், இந்த வரிசையைத் தம் களத்தில் சோதித்துப் பார்க்க வேண்டுகிறேன்: முடிவு எந்தத் தேதியில் எடுக்கப்பட்டது, அதற்கு ஆதாரமான ஆவணம் எந்தத் தேதியில் பொதுவெளிக்கு வந்தது, இடைப்பட்ட காலத்தில் அதைக் கேட்டவர் யார், மறுத்தவர் எந்தப் பிரிவைச் சுட்டி மறுத்தார். அந்த இடைவெளியின் நீளத்தை அளப்பதும் வரலாற்றாளரின் வேலைதான்.