மலைமேல் ஒரு வாரம்

யாத்திரை ஸ்தலத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. ஊருக்கு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்தே ஆயுசு கழிந்துவிடும். தாங்களும் எங்காவது போய்வரலாம் என்ற நினைப்பு லேசில் வராது. காஞ்சிபுரத்துக்காரர்களாகிய நாங்கள் இதற்கு நல்ல உதாரணம். கோயிலுக்கென்று ஒரு கூட்டம், கல்யாணப் பட்டுக்கென்று ஒரு கூட்டம், இரண்டுக்குமாக ஒரு கூட்டம் என்று வருஷம் முழுவதும் வந்தபடியே இருக்கிறது. அதனால், மலைமேல் ஒரு வாரத்தைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சு முதன்முதலில் எங்கள் தெருவுக்கு வந்தபோது, மனை விற்பார்கள், மாடு விற்பார்கள், வாரத்தை எப்படி ஐயா விற்பது என்று பலர் சிரித்தார்கள்.

விற்கலாம். மேல்நாட்டுக்காரன் அதற்கும் வழி கண்டுபிடித்தான். குளிர் மலையில் ஒரு வீடு கட்டினால், சொந்தக்காரன் வருஷத்தில் ஏழெட்டு நாள் தங்குவான்; மற்ற நாளெல்லாம் அது பூட்டிக் கிடக்கும். அந்த வீட்டையே வாரம் வாரமாகக் கூறு போட்டால் என்ன? வருஷத்துக்கு ஐம்பத்திரண்டு வாரம். பழுது பார்க்க ஒன்றிரண்டை ஒதுக்கிவிட்டு, மீதியை ஆளுக்கு ஒரு வாரமாக ஐம்பது பேருக்கு விற்கலாம். வீட்டின் விலையும் வந்துவிடும், அதற்கு மேலும் வரும். ஸ்விட்ஸர்லாந்தில் 1963-ல் ஹாப்பிமாக் என்ற கம்பெனி, பங்கு வாங்கியவர்களுக்கு விடுமுறை வீடுகளில் தங்கும் உரிமை கொடுக்கத் தொடங்கியது. பிரான்ஸில் ஆல்ப்ஸ் மலைச் சரிவிலுள்ள சூப்பர்தெவொலுயி என்ற இடத்தில் 1967-ல் ஹோட்டல் அறைகளை வாரக் கணக்கில் விற்றார்கள். வருஷா வருஷம் ஒரே இடத்துக்குப் போக அலுத்துப்போனவர்கள் ஒருவர் வாரத்தை இன்னொருவர் வாரத்தோடு மாற்றிக்கொள்ளட்டும் என்று 1974-ல் அமெரிக்காவில் ஒரு தம்பதியர் ஆர்.சி.ஐ. என்ற ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். டைம்ஷேர் என்ற வியாபாரம் இப்படி உலகத்தைச் சுற்றியது.

நம் பக்கம் அது வந்தது 1986-ல். சென்னையில் தொடங்கிய ஸ்டெர்லிங் கம்பெனி கொடைக்கானலில் விடுதி கட்டி, அந்தச் சொல்லை நடுத்தரக் குடும்பங்களின் கூடத்துக்குள் கொண்டுவந்தது. பத்து வருஷம் கழித்து, 1996-ல், மஹிந்திரா கம்பெனி இந்தத் துறையில் இறங்கியது. மூணாறு அதன் ஆரம்ப காலத்து இடம். இருபத்தைந்து வருஷ அங்கத்தினர் உரிமை அதன் சரக்கு.

கொடைக்கானல், உதகை, ஏற்காடு, மூணாறு என்று இந்தக் கம்பெனிகள் தேர்ந்தெடுத்த ஊர்களின் ஜாபிதாவைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வேடிக்கை புலப்படும். இது நாம் போட்ட ஜாபிதா அல்ல. வெய்யிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்த வெள்ளைக்காரர்கள் போட்டது. கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் நீலகிரி ஏறினார். சில வருஷத்தில் உதகையில் கல்வீடு கட்டிவிட்டார். மதுரைப் பக்கத்தில் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் மனைவி மக்களைப் பறிகொடுத்த அமெரிக்கப் பாதிரிமார்கள் 1845-ல் கொடைக்கானலில் முதல் வீடுகளை எழுப்பினார்கள். இன்று படகு விடுகிற ஏரி, 1863-ல் லெவிஞ்ச் என்ற கலெக்டர் ஓடையை மறித்து உண்டாக்கியது. 1870-க்குப் பிறகு சென்னை சர்க்காரே கோடைதோறும் உதகைக்கு மூட்டை கட்டியது. மலை ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் போய்ச் சேர்ந்தது. துரை போன இடத்துக்குக் குமாஸ்தாவும் ஒரு தடவையாவது போகவேண்டும் என்ற ஆசை இரண்டு தலைமுறையாக ஊறிக் கிடந்தது. கம்பெனிகள் புதிதாக ஆசையை உண்டாக்கவில்லை. ஊறிக் கிடந்ததை விலை போட்டு விற்றன.

ஸ்டெர்லிங்கும் மஹிந்திராவும் நிலைத்தன. அவற்றைப் பார்த்து வேறு பல கம்பெனிகளும் முளைத்தன. விடுதி எழும்பும் முன்பே வாரத்தை விற்றவை உண்டு; முளைத்த இடம் தெரியாமல் போனவையும் உண்டு. அப்படிப் போன ஒன்றிடம், தொண்ணூறுகளில், எங்கள் தெருவில் நாலு தறி வைத்திருந்த ஒருவர் ஒரு வாரம் வாங்கினார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். மூத்த மகள் கல்யாணத்துக்கென்று சேர்த்ததில் ஒரு பகுதி அந்தப் பணம்.

வாரங்களுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறம் பூசியிருப்பார்கள். எல்லாரும் ஆசைப்படும் கோடைக் காலம் சிவப்பு; விலை அதிகம். யாரும் சீந்தாத காலம் நீலம்; விலை மலிவு. நம் நெசவாளர் நீலம் வாங்கினார். பாவு போட்டால் அதில் மூன்று சேலை நெய்து அறுக்கும்வரை தறியைவிட்டு அவரால் நகர முடியாது. ஐப்பசி கார்த்திகையில் ஈரம் தாக்கித் தறிக்குழியில் தண்ணீர் ஊறினால்தான் அவருக்கு லீவு. போனார். திரும்பி வந்ததும் விசாரித்தேன்.

"எப்படி அண்ணே இருந்தது கொடைக்கானல்?"

"இங்கே மழை பெஞ்சு தறி நின்னாத்தான் நமக்கு லீவு, தம்பி. அங்கேயும் அதே மழை. ஏழு நாளும் ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். எந்த ஊர் வேணும்னு பத்துத் தரம் கேட்டாங்க. எந்த வாரம் உங்களுக்கு ஒழியும்னு ஒருத்தனும் கேக்கலை."

பராமரிப்புச் சந்தா மாத்திரம் வருஷந்தோறும் தவறாமல் கேட்டு வந்தது. நாலாவது வருஷத்தில் அதுவும் நின்றது. சந்தோஷப்பட்டார். பிறகு அவர் எழுதிய கடிதம், விலாசதாரர் இல்லை என்று திரும்பி வந்தது. கல்யாணம் கடன் வாங்கித்தான் நடந்தது. பத்திரத்தை இன்னும் வைத்திருக்கிறார். வழுவழுப்பான காகிதம், மேலே ஒரு மலையின் படம்.

இதைச் சொல்லிவிட்டு, மேல்நாட்டு வியாபாரமே இப்படித்தான் என்று முடித்துவிடலாம். ஆனால் அது நியாயமாகாது. இடத்தை விட்டுவிட்டு, இடத்தில் தனக்குள்ள முறையைச் சொத்தாகப் பாவிப்பது நம் நாட்டில் பழைய வழக்கம். கல்கத்தாவில் காளிகட்டத்துப் பூஜை முறைக்குப் 'பாலா' என்று பெயர். இன்ன நாள் இன்னார் முறை என்று பங்கு பிரித்து, அதைக் கைமாற்றியும் வந்தார்கள். வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போய், அந்த இடத்து வழக்கப்படி கைமாற்றலாம் என்று தீர்ப்பானது. தமிழ்நாட்டுக் கோயில்களிலும் அர்ச்சகர்களுக்குள் முறை உண்டு. பாட்டனாருடைய மாதம் பேரன்மாரிடையே நாட்களாகச் சிதறிப்போன குடும்பங்கள் பல. அந்தப் பரம்பரை உரிமையையும் 1971-ல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தம் நீக்கியது. சுப்ரீம் கோர்ட்டு 1972-ல் அது செல்லும் என்றது. எந்த முறையும் சாசுவதமல்ல என்பதற்கு இது ஒரு பாடம்.

ஆனாலும் சில முறைகள் நிலைத்து நிற்கின்றன. அவை எப்படி நிற்கின்றன என்று தெரிந்துகொள்ள எங்கள் வரதராஜப் பெருமாளைத்தான் கவனிக்க வேண்டும். அவரைப்போல் ஒழுங்காக விடுமுறை எடுப்பவர் உலகத்தில் இல்லை. மாட்டுப் பொங்கலன்று பாரிவேட்டைக்குப் பழைய சீவரம் மலைக்குப் போகிறார். சித்திரா பௌர்ணமிக்கு ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்குப் போகிறார். இந்த ஐயங்கார்குளத்தை அமைத்தவர் விஜயநகரக் காலத்து லக்ஷ்மீகுமார தாதாசாரியார் என்பார்கள். பூமிக்கு அடியில் படி இறங்கிப் போனால் கிணற்றைச் சுற்றித் தூண் நிறைந்த மண்டபம். பெரும்பாலான நாட்களில் தண்ணீருக்குள் கிடக்கும். உத்ஸவத்துக்கு முன்னால் தண்ணீரை இறைத்து, சேற்றை வாரி, தோரணம் கட்டுகிறார்கள். வருஷத்தில் ஒரு நாளுக்காக இத்தனையும் நடக்கிறது.

ஸ்வாமி போகிற வழியெல்லாம் மண்டகப்படி. இன்ன திருநாள் இன்ன குலத்தாருடையது, இன்ன தெருவாருடையது என்று கணக்கு. பந்தலும் விளக்கும் பிரசாதமும் அவர்கள் செலவு. இங்கே சூக்ஷ்மம் ஒன்று உண்டு. மண்டகப்படிக்காரர் ஒருமுறை பணம் கட்டிவிட்டு உரிமையோடு உட்காருவதில்லை. வருஷா வருஷம் செலவு செய்வதுதான் அவருடைய உரிமை. செலவு நின்றால் மரியாதையும் நின்றுவிடும். இடத்தைக் காப்பாற்ற வேண்டியவரும் அனுபவிக்கிறவரும் ஒரே ஆள். அந்த இடத்தில் அவருக்கு ஒரு காரியமும் இருக்கிறது.

எல்லாரும் ஒரே வாரத்துக்கு ஆசைப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் எங்கள் ஊர் காட்டியிருக்கிறது. அனந்த சரஸ் திருக்குளத்திலிருந்து அத்தி வரதர் நாற்பது வருஷத்துக்கு ஒருமுறைதான் வெளியே வருவார். 1939, 1979, அப்புறம் 2019. அந்த வருஷம் ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை நாற்பத்தெட்டு நாளில் ஒரு கோடி ஜனங்களுக்கு மேல் வந்தார்கள். திண்ணைக்கெல்லாம் வாடகை கேட்டார்கள். பதினெட்டாந் தேதி தெருவில் சைக்கிள் விடலாம்போல் இருந்தது. அந்தக் கூட்டத்துக்கென்று யாராவது இங்கே விடுதி கட்டினால், அடுத்த சிவப்பு வாரம் 2059-ல்தான்! மலைக்கும் இதே கணக்குத்தான். கோடைக் காலத்து ஏழெட்டு வாரத்தைக் காட்டி ஐம்பது வாரத்தை விற்கிறார்கள். மிச்ச வாரங்களுக்கும் ஆள் வந்து, சந்தாவும் ஒழுங்காக வந்தால்தான் கூரை ஒழுகாமல் இருக்கும்.

ஐரோப்பாவில் இதை உணர்ந்து 1994-ல் ஒரு விதி செய்தார்கள். கையெழுத்துப் போட்டவன் பத்து நாளுக்குள் மனம் மாறினால் விலகிக்கொள்ளலாம். 2008-ல் அதைப் பதினாலு நாளாக்கினார்கள். விருந்து வைத்துக் கையெழுத்து வாங்குகிற வியாபாரத்தில், வீட்டுக்குப் போய் நிதானமாகக் கணக்குப் போட அந்த அவகாசம் மிகவும் அவசியம். நம் தேசத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்ததும், டைம்ஷேர் வந்த அதே 1986-ல்தான். அதைக் கொண்டு வழக்காடிப் பணம் திரும்பப் பெற்றவர்கள் உண்டு. ஆனால் விலாசமே இல்லாதவன்மேல் யார் வழக்காடுவது?

ஆகவே, புதிய விடுதி கட்ட எந்த ஊர் நல்ல ஊர், எங்கே ஒரு வாரம் வாங்கிப் போடலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் ஊர்ப்பெயர் சொல்வதில்லை. மலை எல்லாம் அழகுதான். கடல் எல்லாம் நீலம்தான். உங்களுக்கு ஒழிகிற வாரம் எது, அந்த வாரத்தில் அந்த ஊர் எப்படி இருக்கும், நீங்கள் வராத ஐம்பத்தோரு வாரமும் அந்தக் கூரையைப் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர் யார் என்று மூன்று கேள்விகள் கேட்கிறேன். மூன்றாவது கேள்விக்கு ஒரு மனிதரையோ ஒரு ஸ்தாபனத்தையோ தயங்காமல் சுட்டிக்காட்ட முடிந்தால் வாங்கலாம். முடியாவிட்டால், அந்தப் பணம் கல்யாணத்துக்கே இருக்கட்டும்.