சங்கிலியின் ஊர் எது? 'சிவா' படத்தின் மரபு குறித்து ஒரு மறுவாசிப்பு

1989-இல் வந்த தெலுங்குப் படமான 'சிவா' எதிலிருந்து பிறந்தது என்ற கேள்விக்கு முதல் விடை சொன்னவர் அதை இயக்கியவரே. புரூஸ் லீ 1972-இல் இயக்கி நடித்த 'வே ஆஃப் தி டிராகன்' படத்தின் உணவகத்தைக் கல்லூரியாக மாற்றித்தான் திரைக்கதையை அமைத்தேன் என்ற பொருளில் ராம் கோபால் வர்மா பலமுறை பேசியிருக்கிறார். ஆசிரியரே உரை எழுதிவிட்ட பிறகு ஆய்வாளனுக்கு என்ன வேலை என்று தோன்றலாம். உரை யாருடையதானாலும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முறை. அப்படிப் பார்க்கையில் வர்மாவின் உரை படத்தின் எலும்புக்கூட்டுக்குப் பொருந்துகிறது, தசைக்குப் பொருந்தவில்லை.

பொருந்தும் இடங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். புதிதாக வந்த ஒருவன். அடிவாங்கிப் பழகிய சூழல். அவன் முதல் அடியைத் திருப்பிக் கொடுக்கிறான், சுற்றியிருப்போர் நிமிர்கிறார்கள், எதிர்த்தரப்பு அடுத்தடுத்துப் பெரிய ஆளை இறக்குகிறது. ரோம் நகரத்து உணவகத்திலும் இதே படிக்கட்டுதான், ஐதராபாத்தில் உருவான இந்தப் படத்தின் கல்லூரியிலும் இதே படிக்கட்டுதான். ஜே.டி.யிலிருந்து கணேஷ், கணேஷிலிருந்து ரவுடித் தலைவன் பவானி என்று ஏறும் வரிசையை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் இது யாருடைய உரை என்பதையும் கவனிக்க வேண்டும். விஜயவாடாவின் சித்தார்த்தா பொறியியல் கல்லூரியில் கட்டடப் பொறியியல் படித்த வர்மா, படம் எடுக்க வருமுன் ஐதராபாத் அமீர்பேட்டையில் வீடியோ கேசட் கடை வைத்திருந்தார். 'கலெக்டர்காரி அப்பாயி' (1987), 'ராவ்காரி இல்லு' (1988) ஆகிய படங்களில் உதவி இயக்குநராக இருந்தார். கேசட் கடைக்காரரின் வம்சாவளியில் ஒரு படத்துக்கு இன்னொரு படம்தான் தகப்பன். ஊருக்கும் காலத்துக்கும் அங்கே அலமாரி கிடையாது. அவர் பொய் சொல்கிறார் என்பதல்ல என் வாதம். தன் கடையில் இருந்த கேசட்டை மட்டும் சொல்கிறார். தான் படித்த ஊரைச் சொல்லாமல் விடுகிறார்.

எல்லோருக்கும் மனப்பாடமான அந்த ஒரு காட்சியில் நான் நிற்க விரும்புகிறேன். நாயகி ஆஷாவிடம் வம்பு செய்த ஜே.டி.யின் கும்பலை எதிர்கொள்ளும் சிவா, அங்கே நிற்கும் சைக்கிளின் செயினை வெறுங்கையால் பிய்த்து, அதைக் கையில் சுற்றிக்கொண்டு அடிக்கிறான். புரூஸ் லீயின் கையிலும் சங்கிலி உண்டே என்று வர்மாவின் உரையை ஏற்பவர்கள் சொல்லக்கூடும். உண்மைதான்: இரண்டு கட்டைகளைச் சங்கிலியால் பிணைத்த நன்சாக்குதான் அந்தப் படத்தின் புகழ்பெற்ற ஆயுதம். உருவ ஒற்றுமை கண்ணைப் பறிக்கிறது. ஆனால் நன்சாக்கு நாயகன் ஊரிலிருந்து கூடவே கொண்டுவந்த பயிற்சி. செயினோ கல்லூரி வளாகத்திலேயே கிடந்த பொருள். அதைச் சுழற்ற யாரும் யாரிடமும் பாடம் கேட்டதில்லை. சைக்கிள் செயினும் சோடா பாட்டிலும் தெருச்சண்டைக்கு உரியவை என்பது தமிழ் வாசகர்களுக்கும் தெரிந்ததே. நாயகன் கையில் எடுப்பது ரவுடியின் ஆயுதத்தை. ஹாங்காங் மூலத்தில் இந்தக் கறை இல்லை. அதனால்தான் அதன் நாயகன் டாங் லுங் வேலை முடிந்ததும் ரோமை விட்டுப் போகிறான். சிவாவுக்குப் போக இடமில்லை, அவன் அண்ணன் மகள்தான் விலை கொடுக்கிறாள்.

இந்தக் கறையின் முன்வரலாறு தெலுங்கிலேயே இருக்கிறது. டி. கிருஷ்ணா இயக்கிய 'பிரதிகடனா' (1985) படத்திலும் கல்லூரி உண்டு, அரசியல்வாதியின் நிழலில் வளரும் ரவுடி உண்டு. விஜயசாந்தி ஏற்ற விரிவுரையாளர் பாத்திரம் கடைசியில் கோடரி ஏந்துகிறது. அதில் அமைச்சராக வந்த கோட்டா சீனிவாச ராவ்தான் 'சிவா'வில் பவானிக்குப் பின்னால் நிற்கும் மாச்சிராஜு. ஒரே முகம், ஒரே நாற்காலி. கோடரிக்குப் புராணத்தில் பரசுராமன் இருக்கிறான். அதைத் தூக்குகிறவருக்கு அறம் தானாகவே வந்து சேர்கிறது. செயினுக்கு அப்படிப் புராணம் ஏதும் இல்லை. நான்கு ஆண்டுகளில் தெலுங்கு ஆக்‌ஷன் படம் கோடரியிலிருந்து செயினுக்கு வந்தது என்பதே என் கண்ணில் பெரிய மாற்றம். அசையும் ஸ்டெடிகேம், கோபால் ரெட்டியின் ஒளிப்பதிவு, இளையராஜாவின் பின்னணி இசை பற்றி நிறையவே எழுதப்பட்டுவிட்டது. இங்கே அவற்றை விட்டுவிடுகிறேன்.

இனிச் சான்று மெலியும் இடம். 1988 டிசம்பர் 26-இல் விஜயவாடாவில் அரசியல் தலைவர் வங்கவீட்டி மோகன ரங்கா கொல்லப்பட்டார், நகரம் எரிந்தது. வங்கவீட்டி, தேவினேனி என்ற இரு அரசியல் தரப்புகளின் பகைக்கு மாணவர் அமைப்புகளும் களமாகியிருந்தன. 'சிவா' வெளியானது 1989 அக்டோபர் 5. இடையில் பத்து மாதம்கூட இல்லை. படம் அந்தக் கொலையைப் பற்றியது என்று நான் சொல்லவில்லை. கதையின் கரு அதற்கு முந்தியதாகவும் இருக்கலாம். ஆயினும் மாணவர் தேர்தலும் ரவுடியும் கட்சியும் ஒரே கயிற்றில் கோக்கப்பட்ட படத்தை அந்த ஆண்டில் கிருஷ்ணா மாவட்டத்துப் பார்வையாளர் ரோமின் உணவகமாகப் பார்த்திருப்பார் என்று நம்ப என்னால் முடியவில்லை. வர்மாவே 2016-இல் 'வங்கவீட்டி' என்ற பெயரில் படம் எடுத்தார். அவர் உரைக்கு எதிராக அவரையே சாட்சிக்கு அழைக்க வேண்டுமென்றால் அது ஒன்று போதும்.

தமிழில் கிடைக்கும் ஒரு பாடபேதமும் இங்கே உதவுகிறது. 'பிரதிகடனா' தமிழுக்குப் 'பூ ஒன்று புயலானது' என்று வந்தது. 'சிவா' 'உதயம்' ஆனது. பெயர் மாற்றத்துக்கு எளிய காரணம் ஒன்றை ஊகிக்கலாம்: அதே 1989-இல் ரஜினிகாந்த் நடித்து அமீர்ஜான் இயக்கிய 'சிவா' தமிழில் வந்திருந்தது. அதற்கும் இசை இளையராஜா, அதிலும் பவானியாக நடித்த ரகுவரன் உண்டு என்பதால் குழப்பம் இரட்டிப்பாகியிருக்கும். ஆனால் ஊகத்தை இன்னும் ஒரு படி நீட்டத் தோன்றுகிறது. தெலுங்குத் தலைப்பு ஓர் ஆளின் பெயர். தமிழ்த் தலைப்பு ஒரு நிகழ்வின் பெயர். உதிப்பது யார்? பவானியை வீழ்த்தும் நல்லவனா, பவானியின் இடத்துக்கு வரும் இன்னொருவனா? படம் இந்த இரண்டாவது ஐயத்தைக் கடைசிவரை தீர்க்கவில்லை. தலைப்பிட்டவர் இவ்வளவு யோசித்திருப்பாரா என்று கேட்டால், யோசித்திருக்கத் தேவையில்லை என்பேன்; கிடைத்த சொல் படத்துக்குப் பொருந்திவிட்டது.

எனக்கு எதிரான சான்றையும் மறைக்கலாகாது. 1990-இல் தெலுங்கில் நடித்த நாகார்ஜுனா, அமலா, ரகுவரன் மூவரையும் வைத்து வர்மா இந்தியில் 'சிவா'வை மீண்டும் எடுத்தபோது செயின் காட்சியும் கூடவே போனது. விஜயவாடாவையும் ரங்காவையும் அறியாத பார்வையாளருக்கும் அந்தச் சங்கிலி விளங்கியது என்றால், அதை ஒரே ஊரின் சொத்தாக நான் பட்டா போடுவது எவ்வளவு தூரம் செல்லும் என்பது எனக்கே இன்னும் தெளியவில்லை.