சுங்கை பூலோவில் பறவைகளைப் படம் எடுக்கப் போறீங்களா? முதல்ல கடலைப் பாருங்க!

கையில் நல்ல கேமரா. காலை 7 மணிக்கே சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் ஆஜர். ஆனால் ஒரு பறவையையும் காணோம். ஏன்?

நேரம் தவறியிருக்கலாம். இங்கே கடிகாரத்தைவிடக் கடல் நீர்மட்டம்தான் முக்கியம்.

பறவைகள் எப்போது வரும்?

கடல் நீர் வற்றும்போது கரையோரச் சேற்றுத்திட்டுகள் வெளியே தெரியும். கரையோரப் பறவைகள் அங்கே புழு, நண்டு, சிப்பி தேடிச் சாப்பிடும். மண்டாய் சேற்றுத்திட்டு அவற்றுக்குப் பிடித்த இடம்.

நீர் ஏறியதும் அந்த இடம் மூழ்கிவிடும். அப்போது அவை ஓய்வெடுக்க சுங்கை பூலோ குளங்களுக்குப் பறந்து வரும். அவை ஒருகாலத்தில் இறால் பண்ணைக் குளங்களாக இருந்தவை.

அதனால் நீர்மட்ட அட்டவணையைப் பார்த்து, நீர் உச்சத்தைத் தொடும் முன்பே மறைவிடத்தில் உட்காருங்கள். நீங்க பறவையைத் தேடிப் போக வேண்டாம். அதுவே வரும்.

எந்த மாதங்கள் சிறந்தவை?

செப்டம்பர் முதல் மார்ச் வரை. சைபீரியா போன்ற வட பகுதிகளிலிருந்து வரும் உப்புக்கொத்திகளையும், சிவந்த கால்களைக் கொண்ட பவளக்காலிகளையும் அப்போது பார்க்கலாம்.

சிங்கப்பூரில் கண்காணிப்புக் கருவி பொருத்தப்பட்ட பவளக்காலிகளில் சில, இமயமலையைத் தாண்டி திபெத்தியப் பீடபூமி வரை சென்றது ஆய்வில் தெரியவந்தது.

கொஞ்சம் கிட்டப் போனால் என்ன?

பறவை பறந்துவிடும். "அவ்வளவுதானே" என்று தோன்றலாம்.

ஆனால் நீண்ட பயணத்துக்கு அதன் எரிபொருள், உடலில் சேரும் கொழுப்பு. புறப்படுமுன் சில இனங்களின் எடை கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். ஒவ்வொரு முறை நாம் விரட்டும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது. ஓய்வும் போகிறது.

பறவை பறக்குமுன் சில அறிகுறிகளைக் காட்டும்:

- சாப்பிடுவதை நிறுத்தும்
- தலையை உயர்த்தி உங்களையே பார்க்கும்
- வேகமாக நடந்து விலகும்

இதில் ஒன்றைக் கண்டாலும் அப்படியே நில்லுங்கள். பிறகு மெதுவாகப் பின்வாங்குங்கள்.

எதையெல்லாம் தவிர்க்க வேண்டும்?

- உணவு போடுவது: வனவிலங்குச் சட்டப்படி குற்றம். முதல்முறை 5,000 வெள்ளி வரை அபராதம். மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை.
- கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிடுவது: போட்டிக்கு இன்னொரு பறவை வந்துவிட்டது என்று நினைத்து அது பதறும்.
- ஃபிளாஷ்: வேண்டவே வேண்டாம்.
- கூட்டின் இடத்தை இணையத்தில் பகிர்வது: அடுத்த நாளே அங்கு கூட்டம் சேரலாம்.

என்ன கொண்டுபோகலாம்?

தொடக்கத்தில் ஒரு தொலைநோக்கி போதும். படம் எடுக்க 400 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட லென்ஸ் இருந்தால், தூரத்திலிருந்தே வேலை முடியும். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதைவிட வேகமாகவோ இருக்கட்டும். தண்ணீர், தொப்பி, கொசு மருந்து மறக்காதீங்க. நுழைவு இலவசம்.

பார்த்துக்கொண்டே இருப்பதால் என்ன பயன்?

1986இல் இங்கு இத்தனை பறவைகள் வருவதைக் கவனித்துச் சொன்னவர்கள் பறவை ஆர்வலர்கள்தான். அவர்களது முயற்சியால் 1993இல் இது இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 2002இல் இயற்கை வனப்பகுதியாகச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

நல்ல படத்துக்கு ஓர் எளிய சோதனை உண்டு: நீங்கள் கிளம்பிய பிறகும் பறவை அதே இடத்தில் இருக்கிறதா?