லாமா சங்கத்துக்கு யார் செயலாளர்?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊர் மடத்தில் எங்கள் ஆடு வளர்ப்போர் சங்கக் கூட்டம். இருபத்திரண்டு பேர் வந்திருந்தோம். தடுப்பூசி, மேய்ச்சல் தகராறு, சந்தைக்கு வண்டி வாடகை என்று எல்லாத்தையும் சத்தமாப் பேசி முடிச்சாச்சு. கடைசியில் பழைய செயலாளர் அண்ணாச்சி நோட்டையும் ரப்பர் ஸ்டாம்பையும் நடுவில் வைத்தார். "எனக்குக் கண்ணு தெரியல. இனிமே வேற யாராவது பாருங்கப்பா" என்றார். அவ்வளவுதான், மடம் அமைதியாகிவிட்டது. ஒருத்தன் மொபைலைப் பார்க்கிறான், ஒருத்தன் வேட்டியை உதறுகிறான். அப்புறம் எல்லார் கண்ணும் மெதுவா என் பக்கம் திரும்பியது. "நீங்கதான் எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஆளு, நீங்களே இருங்களேன்" என்றான் ஒரு தம்பி.

ஒரு வாரம் டைம் கேட்டு வந்துவிட்டேன். அந்த ஒரு வாரமும் என் மனசு ஓடினது எங்கள் கரிசக்காட்டில் இல்லை, அமெரிக்காவில். ரெண்டு வருஷம் முன்னாடி மகளைப் பார்க்க கொலராடோ போயிருந்தேன். ஜூன் மாசம் எஸ்டஸ் பார்க் என்கிற மலை ஊரில் கம்பளிச் சந்தை நடக்கும். "அப்பா, ஆடு பாக்காம உங்களுக்கு இருப்புக் கொள்ளாதே" என்று கூட்டிப் போனாள். அங்கேதான் லாமாவை முதல்முதலா நேரில் பார்த்தேன். திபெத்து லாமா இல்லீங்க. ஒட்டகத்தின் சொந்தக்கார விலங்கு. திமில் கிடையாது, கழுத்து நீளம், வாழைப்பழம் மாதிரி வளைஞ்ச காது, நம்மளை ஒரு மாதிரி அலட்சியமாப் பார்க்கும்.

லாமாப் பட்டிக்குப் பக்கத்தில் ஒரு மேசை. அந்த வட்டாரத்து லாமா, அல்பாக்கா வளர்ப்போர் சங்கத்தோடது. மேசைக்குப் பின்னால் எழுபது வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மா. நான் ஆட்டுக்காரன் என்று மகள் சொன்னதும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். பத்து வருஷமா அவர்தான் பொருளாளராம். சம்பளம் கிடையாது. பெட்ரோல் கூட சொந்தக் காசு. "அடுத்து யாராவது வருவாங்கன்னு ஒவ்வொரு வருஷமும் பாக்குறேன். எல்லாரும் என் கையைப் பிடிச்சு நன்றி சொல்லிட்டுப் போயிடுறாங்க" என்றார். மகள் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஊர் மடத்துக் கதை அப்படியே!

ஊர் திரும்பினப்புறம் இந்த விலங்கின் கதையைத் தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதில் கொஞ்சம் இங்கே சொல்றேன்.

லாமாவுக்குத் தென் அமெரிக்காதான் பூர்வீகம் என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஒட்டகக் குடும்பமே முதலில் தோன்றியது வட அமெரிக்காவில். சுமார் 30 லட்சம் வருஷம் முன்னால் அதில் ஒரு கிளை தெற்கே இறங்கியது. வடக்கே இருந்ததெல்லாம் போன பனியுகம் முடியும்போது அழிஞ்சுபோச்சு. தெற்கே பிழைத்தவற்றில் குவானாக்கோ, விகூனா என்று ரெண்டு காட்டு இனங்கள் இன்றைக்கும் இருக்கு. ஆண்டீஸ் மலை மக்கள் ஆறேழாயிரம் வருஷம் முன்னால் இவற்றைப் பழக்கி வீட்டு விலங்காக்கினார்கள். குவானாக்கோவிலிருந்து லாமா, சுமை தூக்க. விகூனாவிலிருந்து அல்பாக்கா, மென்மையான கம்பளிக்கு.

அந்த மலையில் குதிரை இல்லை, மாடு இல்லை, கழுதையும் இல்லை. இன்கா அரசு முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சாலை போட்டு வைத்திருந்ததே, அதில் சுமை போனது மனுஷ முதுகிலும் லாமா முதுகிலும்தான். மேலேயிருந்து உப்பும் உப்புக்கண்டமும் இறங்கும், கீழேயிருந்து மக்காச்சோளம் ஏறும். சாணம் அடுப்புக்கும் உதவும், நிலத்துக்கும் உதவும். மந்தை முழுக்க ஒரே இடத்தில்தான் சாணம் போடும் என்பதால் அள்ளுறதும் சுலபம். கிடை போட்டுப் பழகின எனக்கு இதைப் படிச்சதும் பொறாமையா இருந்துச்சு.

ஒரு லாமா இருபத்தைந்து முப்பது கிலோதான் தூக்கும். நாளைக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் நடக்கும். அதுக்கு மேல் ஏத்தினால் ஓடாது. அப்படியே காலை மடக்கி உட்கார்ந்துவிடும். சுமையைக் குறைக்கிற வரைக்கும் எழுந்திருக்காது. அடிச்சா மூஞ்சில துப்பும்.

1532-இல் ஸ்பானியர் வந்தார்கள். அவங்க ஆடும் மாடும் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொண்டன. மனுஷர்கள் நோயில் செத்தார்கள், லாமாவும் அல்பாக்காவும் பெருவாரியாக அழிந்தன. மிச்சமிருந்த லாமாக்களைப் பொட்டோசி வெள்ளிச் சுரங்கத்தில் தாது சுமக்க விட்டார்கள். மலை உச்சிக் கிராமங்கள்தான் இந்த இனங்களைக் காப்பாற்றின.

அந்தக் கிராமங்களில் பிற்காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஊர்ப் பொறுப்புகளை ஆள் மாற்றி ஆள், சம்பளம் இல்லாமல் ஏற்றுக்கொள்வது. தண்ணீர் பங்கிடுவது, திருவிழா நடத்துவது, வழக்குத் தீர்ப்பது எல்லாம் இதில் சேர்த்தி. கொஞ்ச காலம் ஒருத்தர் கையில் ஊர்க்கோல் இருக்கும், அப்புறம் அடுத்தவர் கைக்குப் போகும். இந்தப் பதவிக்கு ஸ்பானிய மொழியில் பேர் 'கார்கோ'. அதே சொல்லுக்குச் சுமை என்றும் பொருள். லாமா முதுகில் ஏற்றுவதும் சுமை, மனுஷன் தோளில் ஏற்றுவதும் சுமை. 'பொறுப்பைத் தலையில் கட்டிட்டாங்க' என்று நாம் சொல்றதும் அதே கணக்குதானே!

சரி, அமெரிக்காவுக்கு இது எப்படித் திரும்பி வந்தது? பணக்காரர் வீட்டு அலங்காரமா வந்தது. பத்திரிகை முதலாளி வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்ட் கலிபோர்னியாவில் சான் சிமியன் மலைமேல் மாளிகை கட்டி, சொந்த மிருகக்காட்சி சாலையும் வைத்திருந்தார். அதில் லாமாவும் உண்டு. 1930-இல் கோமாரி நோய் இருக்கிற நாடுகளிலிருந்து கால்நடை இறக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. கதவு மூடிக்கொண்டது. அதுக்கப்புறம் அரை நூற்றாண்டு, உள்ளே இருந்த கொஞ்ச லாமாக்களின் வாரிசுகள்தான்.

1970-களில் நிலத்தோடு வாழணும் என்று ஊர்ப்பக்கம் வந்த குடும்பங்கள் சிலது லாமாவை வாங்கின. மலையேறுகிறவர்களுக்குச் சுமை தூக்க அருமையான விலங்கு. ஆனால் சிக்கல் என்னன்னா, கால்நடை டாக்டருக்கே இதைப் பற்றித் தெரியாது. வயிறு மூணு அறை, சினைக்காலம் பதினொன்றரை மாசம், மாட்டுக்குக் கொடுக்கிற அளவில் இதுக்கு மருந்து கொடுக்க முடியாது. அப்போ ஒருத்தருக்கொருத்தர் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கடிதமே செய்தி மடலாச்சு. 1980-களின் தொடக்கத்தில் வட்டாரத்துக்கு வட்டாரம் சங்கங்கள் பிறந்தன. 1985-இல் வம்சாவழி எழுதி வைக்கத் தனிப் பதிவேடும் வந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் பகலில் வேற வேலை பார்த்து, ராத்திரி லாமாவுக்காக உட்கார்ந்தவர்கள். டாக்டர்களை அழைத்துப் பயிற்சி நாள் நடத்தினது, குட்டி பிறக்கும்போது என்ன செய்யணும்னு எழுதி வைத்தது, கண்காட்சிக்கு விதி போட்டது எல்லாம் இவர்கள்தான்.

அப்புறம் பணம் உள்ளே வந்தது. சிலி நாட்டில் கோமாரி ஒழிஞ்சதால் 1984-இல் அல்பாக்கா இறக்குமதி தொடங்கியது. பெட்டை லாமாவும் பெட்டை அல்பாக்காவும் பத்தாயிரக்கணக்கான டாலருக்கு விற்றன. ஒரு பெட்டை வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும், அதிலும் பாதி கிடா. எல்லாருக்கும் பெட்டை வேணும், பெட்டை இல்லை. விலை ஏறாமல் என்ன செய்யும்? 1998-இல் அல்பாக்காப் பதிவேட்டை வெளிநாட்டு விலங்குகளுக்கு மூடினார்கள். உள்ளூர் இனத்தைக் காக்க என்று சொன்னார்கள். உள்ளே இருந்தவர்களின் விலையையும் அது காத்தது. அந்தக் காலத்தில் சங்கத் தலைவர் நாற்காலி ஒரு விளம்பரப் பலகை மாதிரி. தலைவர் பண்ணைக் குட்டிக்குத் தனி மவுசு இருக்குமில்ல? போட்டி இல்லாமல் இருக்குமா!

கலிபோர்னியா பல்கலைக்கழகத்து டேவிஸ் வளாகத்தில் ரெண்டு பொருளாதார அறிஞர்கள் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கம்பளி விற்று வருகிற வருமானத்துக்கும் இந்த விலைக்கும் சம்பந்தமே இல்லை, அடுத்து வாங்குகிற ஆளை நம்பித்தான் விலை நிற்கிறது என்று 2007-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிக்கு நடந்தது நமக்கு ஞாபகம் இருக்கும். இது அந்த மாதிரி மோசடி இல்லை. விலங்கும் நிஜம், வளர்த்தவர்களும் நேர்மையானவர்கள்தான். ஆனாலும் குட்டியை விற்றுத்தான் குட்டி வாங்கின காசை எடுக்கணும் என்றால், ஒருநாள் வாங்க ஆள் இருக்காது. 2008 பண நெருக்கடியோடு அந்த நாள் வந்தது. ஆயிரக்கணக்கில் விலை போன விலங்கைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

தலைவர் நாற்காலிக்குப் போட்டி போட்டவர்களில் நிறையப் பேர் அப்போது காணாமல் போனார்கள். 2010 முடியும்போது மொன்டானா மாநிலத்தில் ஒரு பெரிய விலங்குக் காப்பகம் நொடிச்சுப்போச்சு. அங்கே நூற்றுக்கணக்கான லாமாக்கள், கடுங்குளிர், தீவனம் இல்லை. பல மாநிலங்களிலிருந்து லாமா வளர்ப்பவர்கள் சொந்த வண்டியில் வைக்கோல் கொண்டு போனார்கள். திரும்பும்போது லாமாக்களை ஏற்றிக்கொண்டு பனிச்சாலையில் வந்தார்கள். யார் வீட்டில் எத்தனைக்கு இடம், எந்த வண்டி எந்த வழி என்று போனில் உட்கார்ந்து கோத்தவர்கள் இந்த மாதிரித் தொண்டர்கள்தான். அந்த லாமாக்களை விற்றால் ஒரு டாலர் தேறாது. அது தெரிஞ்சுதான் போனார்கள்.

விலை விழுந்த பிறகும் விலங்குக்கு வேலை இருந்தது. ஐயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 1990-களின் தொடக்கத்தில் செய்த ஆய்வு ஒன்று என் மாதிரி ஆட்டுக்காரனுக்கு முக்கியம். மந்தையில் ஒரு காயடிச்ச லாமாவைக் காவலுக்கு விட்டவர்களிடம் கேட்டார்கள். கயோட்டே, அதாவது அவங்க ஊர்க் குள்ளநரி, நாய் இதுகளால் போன ஆடுகள் நூற்றுக்கு 21-லிருந்து 7 ஆகக் குறைந்ததாம். கொலராடோவில் லெட்வில் என்ற ஊரில் நூறு மைல் மலை ஓட்டப் பந்தயம் ஆகஸ்டில் நடக்கும். கிட்டத்தட்ட பன்னிரண்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஹோப் கணவாய் முகாமுக்கு வண்டி போகாது. ஓடுகிறவர்களுக்குச் சாப்பாடும் தண்ணீரும் லாமா முதுகில்தான் ஏறுது. ஏற்றிப் போகிறவர்களும் தொண்டர்கள்தான்.

இப்படி மிஞ்சினவர்களில் ஒருத்தர்தான் எஸ்டஸ் பார்க் மேசைக்குப் பின்னால் பார்த்த அம்மா. விலை இருந்த காலத்தில் நாற்காலி தேடி ஆள் வந்தது. விலை போனதும் நாற்காலி ஆள் தேடுது. இந்த ரெண்டாவது காலத்தில் உட்கார்கிறவர்களால்தான் ஓர் இனம் தப்பிக்குது. ஆனா அவங்களையும் சும்மா விடக்கூடாதுங்க. ஒரே ஆள் முதுகில் பத்து வருஷம் ஏத்தினால், ஒருநாள் லாமா மாதிரி உட்கார்ந்துவிடுவார்கள். மலைக் கிராமத்துக்காரர்கள் கோலை ஆள் மாற்றிக் கொடுத்தது மரியாதைக்காக மட்டும் இருக்காது என்று எனக்குப் படுது.

எங்க ஊரிலும் இதுதான் நிலைமை. எங்க வெம்பூர் ஆட்டுக்குப் பெரிய மவுசு கிடையாது. வெள்ளை உடம்பில் செம்புள்ளி, தொங்கின காது, கருவேல நெத்தைத் தின்றே காலத்தை ஓட்டும். வேகமா எடை போடுற கலப்பு ஆட்டுக்கு நிறையப் பேர் மாறியாச்சு. நல்ல கிடா யார் வீட்டில் இருக்கு என்று அந்த நோட்டில்தான் எழுதியிருக்கு. ஆட்டுக்கொல்லி ஊசி எந்தப் பட்டிக்கு எப்போ போட்டது என்பதும் அதில்தான். நோட்டு மூலையில் கிடந்தால் அஞ்சு வருஷத்தில் கிடா எது, கலப்பு எது என்று தெரியாது.

இன்றைக்குக் காலையில் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். "ரெண்டு வருஷம் பாக்குறேன். அதுக்கு மேல ஒரு நாள் கிடையாது. வரவு செலவு என்கிட்ட வேண்டாம், தம்பி பாக்கட்டும். ஊசிக் கணக்கை மேலத்தெரு மதினி எழுதட்டும், அவங்கதான் ஒரு ஆடு விடாம ஞாபகம் வச்சிருக்காங்க. கிடா நோட்டு மட்டும் என்கிட்ட" என்றேன். "பொம்பளையாளு சங்கத்துல இருந்தா நாலு பேரு பேசுவாங்களே" என்று இழுத்தார். "பேசுற நாலு பேரும் நோட்டை எடுத்துக்கிடட்டும், குடுத்துருவோம்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் எழுந்து போய் நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். ஸ்டாம்பைத் தேடினோம். பேரப்பிள்ளை விளையாட எடுத்துட்டுப் போயிருந்தான்.