98.6 - ஒரு தசமப் புள்ளியின் கதை

வீட்டில் யாருக்காவது உடம்பு லேசாகச் சுட்டால் முதலில் தேடப்படும் பொருள் தெர்மாமீட்டர். நாக்குக்கு அடியில் வைத்து எடுத்துப் பார்த்தால் 99.2 என்று காட்டுகிறது. உடனே "நார்மல் 98.6 தானே, அப்படியென்றால் காய்ச்சல்தான்" என்று தீர்ப்பு வந்துவிடும். குழந்தைக்கு அன்று பள்ளிக்கூடம் கிடையாது, மாத்திரை மட்டும் உண்டு!

98.6 என்ற இந்த எண் எங்கிருந்து வந்தது? 98 என்றோ 99 என்றோ முழு எண்ணாக இல்லாமல், புள்ளி வைத்து ஒரு 6 எப்படி வந்து ஒட்டிக்கொண்டது? அந்த ஆறின் பின்னால் முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது.

இரண்டு அளவுகோல்கள்

டான்சிக் நகரில் 1686-ல் பிறந்தவர் டேனியல் கேப்ரியல் ஃபாரன்ஹீட். கண்ணாடிக் குழாயில் பாதரசம் அடைத்து, ஒன்றோடொன்று ஒத்துப்போகும் தெர்மாமீட்டர்களைச் செய்து புகழ் பெற்றவர். தன் அளவுகோலை 1724-ல் விளக்கி எழுதினார். பனிக்கட்டியோடு உப்பு கலந்த கலவைக்கு 0, உருகும் பனிக்கட்டிக்கு 32, ஆரோக்கியமான மனிதனின் உடல் சூட்டுக்கு 96. ஆம், அவருடைய கணக்கில் மனித உடலுக்கு 96 தான்! பிறகு தண்ணீர் கொதிக்கும் நிலையை 212 என்று வைத்து அளவுகோலைச் சரிசெய்தபோது, உடலின் எண் சற்று மேலே நகர்ந்தது.

சுவீடனைச் சேர்ந்த ஆண்டர்ஸ் செல்சியஸ் 1742-ல் நூறு பாகங்கள் கொண்ட அளவுகோலைத் தந்தார். அவர் தண்ணீர் கொதிப்பதற்கு 0 என்றும், உறைவதற்கு 100 என்றும் வைத்தார். சில ஆண்டுகளிலேயே அது தலைகீழாக மாற்றப்பட்டு இன்றைய வடிவம் பெற்றது.

பத்து லட்சம் அளவீடுகள்

உடல் வெப்பத்தை அளப்பதை மருத்துவத்தின் அன்றாட வேலையாக மாற்றியவர், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் பணியாற்றிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிச். 1868-ல் அவர் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். சுமார் 25,000 நோயாளிகளிடம் எடுத்த பத்து லட்சத்துக்கும் அதிகமான அளவீடுகள் அதற்கு அடிப்படை என்று சொல்லப்படுகிறது. கணிப்பொறி இல்லாத காலம் அது என்பதை நினைத்துப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கும்.

அவர் பயன்படுத்திய தெர்மாமீட்டர் ஏறக்குறைய ஒரு அடி நீளம். அக்குளில் வைத்து 15 முதல் 20 நிமிடம் காத்திருக்க வேண்டும். சட்டைப்பையில் வைக்கும் அளவுக்குச் சிறிய தெர்மாமீட்டரை இங்கிலாந்தின் கிளிஃபர்டு ஆல்பட் 1860-களில்தான் உருவாக்கினார்.

இத்தனை உழைப்புக்குப் பிறகு வுண்டர்லிச் சொன்ன சராசரி 37 டிகிரி செல்சியஸ். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. 36.2 முதல் 37.5 வரை ஆரோக்கியமான உடலில் இருக்கலாம், அதிகாலையில் குறையும், மாலையில் கூடும், பெண்களுக்கு ஆண்களைவிடச் சற்று அதிகம் என்றெல்லாம் எழுதினார். உலகம் அதையெல்லாம் விட்டுவிட்டு 37-ஐ மட்டும் பிடித்துக்கொண்டது.

ஆறு எப்படி வந்தது?

ஃபாரன்ஹீட் புழங்கும் நாடுகளுக்கு இந்த எண் போனபோது அதை மாற்ற வேண்டியிருந்தது. சூத்திரம் எளிது. 37-ஐ 1.8-ஆல் பெருக்கினால் 66.6. அதோடு 32 கூட்டினால் 98.6. அவ்வளவுதான்!

கணக்கு சரி. அப்படியானால் தவறு எங்கே?

பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் முக்கிய எண்ணுருக்கள் என்று ஒரு பாடம் வரும். ஓர் அளவீட்டில் உறுதியாகத் தெரிந்த இலக்கங்களும், கடைசியாக உத்தேசமாகச் சொல்லும் ஓர் இலக்கமும் சேர்ந்ததே முக்கிய எண்ணுருக்கள். ஒரு டிகிரிக்கு ஒரு கோடு போட்ட தெர்மாமீட்டரில் பாதரசம் 36-க்கும் 37-க்கும் நடுவே நின்றால் 36.5 என்று சொல்லலாம். அதில் 5 என்பது கண்ணால் போட்ட மதிப்பு. 36.52 என்று சொன்னால் அது பொய். அந்த 2-ஐ தெர்மாமீட்டர் சொல்லவில்லை. கண்ணைப் பாதரச மட்டத்துக்கு நேராக வைக்காமல் மேலிருந்தோ கீழிருந்தோ பார்த்தால் அந்த 5 கூட மாறிவிடும்.

இப்போது 37-க்கு வருவோம். இதில் முக்கிய எண்ணுருக்கள் இரண்டு. 37 என்றால் 36.5-க்கும் 37.5-க்கும் இடையே எங்கோ என்று பொருள். அதை ஃபாரன்ஹீட்டில் எழுதினால் 97.7 முதல் 99.5 வரை. இரண்டு எண்ணுருக்களோடு நேர்மையாகச் சொல்வதென்றால் "சுமார் 99". 98.6 என்று எழுதியதும் மூன்றாவது எண்ணுரு ஒன்று கூடிவிட்டது. அது நோயாளியின் உடம்பிலிருந்து வரவில்லை, பெருக்கல் கணக்கிலிருந்து வந்தது. "ஊர் இங்கிருந்து ஒரு 5 கிலோமீட்டர் இருக்கும்" என்று ஒருவர் சொன்னதை 3.107 மைல் என்று எழுதி வைப்பது போலத்தான் இது.

பத்து லட்சம் முறை அளந்திருக்கிறாரே, 37.0 என்று மூன்று எண்ணுருக்களோடு எழுதினால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பலமுறை அளந்து சராசரி எடுத்தால், ஒருமுறை கூடவும் ஒருமுறை குறையவும் வரும் பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். ஆனால் கருவியே எப்போதும் ஒரே பக்கமாகத் தவறினால் எத்தனை லட்சம் முறை அளந்தாலும் அந்தப் பிழை போகாது. எடைக்கல் குறைவாக இருக்கும் கடையில் நூறு முறை வாங்கினால் எடை சரியாகிவிடுமா என்ன?

1992-ல் வந்த பதில்

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிலிப் மக்கோவியாக் குழுவினர், ஆரோக்கியமான 148 பேரிடம் வாய்வழியாக 700 அளவீடுகள் எடுத்து 1992-ல் வெளியிட்டார்கள். சராசரி 36.8 டிகிரி செல்சியஸ், அதாவது 98.2 டிகிரி ஃபாரன்ஹீட். 98.6 என்று சரியாகக் காட்டியவை நூற்றுக்கு 8 அளவீடுகள்தான்! ஆரோக்கியமானவர்களிடமே 99.9 வரை போவது இயல்பு என்றும் அவர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

ஃபிலடெல்ஃபியாவின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் வுண்டர்லிச்சுடையதாகச் சொல்லப்படும் ஒரு தெர்மாமீட்டர் இருக்கிறது. மக்கோவியாக் அதைச் சோதித்தபோது, இன்றைய கருவிகளைவிட ஒரு டிகிரி செல்சியஸுக்கும் மேல் அதிகமாகக் காட்டியது. புள்ளிக்குப் பின்னால் வரும் இலக்கத்தைப் பற்றி நாம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம், புள்ளிக்கு முன்னால் இருப்பதே ஆட்டம் காண்கிறது!

கதை இன்னும் முடியவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1862 முதல் 2017 வரையிலான ஆறே முக்கால் லட்சத்துக்கும் அதிகமான அமெரிக்க அளவீடுகளை ஆராய்ந்து 2020-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பத்தாண்டுக்கு 0.03 டிகிரி செல்சியஸ் வீதம் மனித உடல் வெப்பமே குறைந்துகொண்டு வந்திருக்கிறது என்பது அவர்கள் முடிவு. எனவே வுண்டர்லிச்சின் காலத்து மனிதர்களின் உடலும் இன்றைய உடலைவிடச் சற்றுச் சூடாகவே இருந்திருக்கலாம்.

நம் வீட்டு தெர்மாமீட்டர்

இன்றைய டிஜிட்டல் தெர்மாமீட்டர்களில் கோடு பார்க்கும் வேலை இல்லை. எண் நேராகவே திரையில் வந்துவிடுகிறது. ஆனால் அதோடு வரும் தாளைப் பிரித்துப் பார்த்தால், பலவற்றில் 0.2 டிகிரி ஃபாரன்ஹீட் கூடவோ குறையவோ இருக்கலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். திரையில் 98.8 என்று தெரிந்தால் உண்மை 98.6 ஆகவும் இருக்கலாம், 99.0 ஆகவும் இருக்கலாம். காலையில் எடுத்தோமா மாலையில் எடுத்தோமா, வாயில் வைத்தோமா அக்குளில் வைத்தோமா, அதற்கு முன் சூடாகக் காபி குடித்தோமா என்பதெல்லாம் அதைவிடப் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கும்.

99.2 பார்த்துப் பதறுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், வழக்கமாக 97.5 இருக்கும் முதியவருக்கு 99 வந்தால் "நார்மல்தான்" என்று விட்டுவிடுவது. இரண்டுக்கும் காரணம் ஒரே எண்ணை எல்லோருக்கும் பொதுவான கோடாக எடுத்துக்கொள்வதுதான். எண்ணோடு ஆளையும் பார்ப்பவர்தான் நல்ல மருத்துவர்.

ஓர் அளவீட்டில் எத்தனை இலக்கம் எழுதுகிறோம் என்பது, நமக்கு எவ்வளவு தெரியும் என்று கொடுக்கும் வாக்குமூலம். தெரிந்ததற்கு மேல் ஓர் இலக்கம் சேர்த்து எழுதினால் அது நூற்றைம்பது ஆண்டுகள் வரை வாழ்ந்துவிடும். அதற்குச் சாட்சிதான் 98-க்குப் பின்னால் நிற்கும் அந்த ஆறு.