கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தஞ்சாவூர் ஓவியம்

தஞ்சாவூர் ஓவியம் என்றதும் பலகையில் தங்கத் தகடும் கற்களும் பதித்த சாமி படமே பலருக்கு நினைவுக்கு வரும். அதே தஞ்சாவூரில் கண்ணாடியிலும் படம் எழுதினார்கள்.

வந்த வழி

கண்ணாடியின் பின்பக்கம் வண்ணம் தீட்டி முன்பக்கமாகப் பார்க்கும் இக்கலை ஐரோப்பாவில் வளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டில் சீனாவின் கேன்டன் நகரில் ஏற்றுமதிக்காகவே இத்தகைய படங்கள் தயாராயின. வணிகக் கப்பல்கள் அவற்றை இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தன. தஞ்சையில் மராட்டியர் ஆட்சிக்காலத்தில், குறிப்பாக இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) காலம் முதல், இக்கலை செழித்தது. வெண்ணெய் உண்ணும் கண்ணனும் ராமர் பட்டாபிஷேகமும் வீட்டுப் பூசையறைகளுக்கு வந்தன.

தீட்டும் முறை

சிலைக்குக் கண் திறப்பது கடைசி வேலை. கண்ணாடியிலோ கருவிழிதான் முதல் வேலை.

மாதிரிப் படத்தின் மேல் கண்ணாடியை வைத்து, முதலில் மெல்லிய கோடுகள், கண், நகை, ஆடைக்கரை ஆகியவற்றை வரைவார்கள். அதன் மேல் உடல் நிறமும் ஆடை நிறமும் பூசுவார்கள். பின்னணி கடைசியில் வரும். நகைகள் மின்ன, வண்ணம் பூசாமல் விட்ட இடங்களின் பின்னால் தங்க நிறத் தகடு வைப்பதும் உண்டு.

இடம் வலமாக மாறும். கண்ணனின் வலக்கையில் வெண்ணெய் தெரிய வேண்டுமென்றால், தீட்டுபவருக்கு அது இடக்கையில் இருக்க வேண்டும். முதலில் வரைந்த கோடு பிசகினால், பிறகு மேலே பூசி மறைக்க முடியாது.

குறைந்த காரணம்

ரவி வர்மா 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகம் போன்றவை மலிவான வண்ணப் படங்களை வீடுதோறும் சேர்த்தன. கையால் தீட்டிய கண்ணாடிப் படங்களுக்குத் தேவை குறைந்தது. நமக்கு அருகே ஜாவாவின் சிரெபோனில், வாயாங் பாத்திரங்களை இன்றும் கண்ணாடியில் தீட்டுகிறார்கள்.

வீட்டில் இருந்தால்

கண்ணாடி வண்ணத்தை உறிஞ்சாது. வண்ணம் அதன் மேல் ஒட்டிக்கொண்டு மட்டுமே இருக்கும். ஈரக்காற்றில் அது செதில் செதிலாக உரியும். எனவே பின்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கக்கூடாது. ஈரச் சுவரிலும் மாட்டக்கூடாது.

பாட்டி காலத்துச் சாமி படத்தின் கண்ணாடியில் கீறல் விழுந்தால், சட்டம் போடும் கடையில் புதுக் கண்ணாடி மாற்றச் சொல்வோம். அதற்கு முன் சட்டத்தைக் கழற்றி ஒருமுறை பாருங்கள். படம் தாளில் இருந்தால் கவலையில்லை. வண்ணம் கண்ணாடியிலேயே இருந்தால், அந்தக் கண்ணாடிதான் படம்.