ஸ்மோக்கி மலை ஓடைகளில் ட்ரௌட் தூண்டில் உலா

அமெரிக்காவின் டென்னசி, வட கரோலைனா மாநில எல்லையில் அமைந்தது கிரேட் ஸ்மோக்கி மலைகள் தேசியப் பூங்கா. பெற்றோரும் பிள்ளைகளுமாக அதன் ஓடைகளில் இறங்கி, போலிப் பூச்சி கட்டிய தூண்டிலால் ட்ரௌட் மீன் பிடிப்பது அங்கே தலைமுறைகளாக நடந்துவருகிறது. 1934இல் நிறுவப்பட்ட இப்பூங்கா 5 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்புடையது. இங்கு ஆண்டு முழுவதும் மீன் பிடிக்கலாம்.

ஓடைகளில் மூவகை ட்ரௌட் வாழ்கின்றன. மலைக்கு உரியது ப்ரூக் ட்ரௌட் மட்டுமே. ரெயின்போ அமெரிக்காவின் மேற்கிலிருந்தும் பிரவுன் ஐரோப்பாவிலிருந்தும் கொண்டுவரப்பட்டவை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மரக் கம்பெனிகள் காட்டை மொட்டையடித்தபோது, நிழலிழந்த ஓடைகள் சூடேறின. மண் சரிந்து நீர் கலங்கியது. குளிர்ந்த தெளிநீரில் மட்டுமே வாழும் ப்ரூக் ட்ரௌட் பெருமளவு அழிந்தது. அதை ஈடுகட்ட விடப்பட்ட ரெயின்போ, எஞ்சியவற்றையும் உச்சி ஓடைகளுக்குத் துரத்தியது. இன்று பெரும்பாலும் 3,000 அடிக்கு மேல்தான் ப்ரூக் ட்ரௌட் கிடைக்கிறது. கரும்பச்சை முதுகில் புழு நெளிந்தாற்போன்ற கோடுகள், விலாவில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளிகள், அடித்துடுப்புகளின் முன்விளிம்பில் வெள்ளைக் கரை என்று ஒருமுறை பார்த்த குழந்தை மறக்காத மீன் அது.

குடும்பத்தோடு வருவோருக்கு எல்க்மாண்ட் பகுதியின் லிட்டில் ரிவர் நல்ல தொடக்கம். வெட்டிய மரங்களை இறக்கப் போட்ட ரயில்பாதையின் தடமே இப்போது ஆற்றோர நடைபாதை. தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். ஏற்றம் மென்மையாக இருப்பதால் சிறு பிள்ளைகளும் களைக்காமல் நடப்பார்கள். மீன்களை அழித்த தொழில் விட்டுச்சென்ற வழியில்தான் மீன் தேடுவோர் இன்று நடக்கிறார்கள்.

மற்றத் தூண்டில் முறைகளில் ஈயக்குண்டோ இரையோ தன் எடையால் நரம்பை இழுத்துச் செல்லும். போலிப் பூச்சித் தூண்டிலில் முள்ளில் கட்டிய இறகுப் பூச்சிக்கு எடை அநேகமாகக் கிடையாது. தடித்த நரம்பின் எடைதான் அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஸ்மோக்கி ஓடைகளில் தொலைவாக வீசும் திறமைக்கு அவ்வளவு வேலையில்லை. இருகரை ரோடடென்ட்ரான் புதர்களும் தலைக்கு மேல் கூரைபோல் கவிந்திருப்பதால், ஏழெட்டு அடிக் கோலே வசதி. கோலை ஓங்க இடமில்லாத இடத்தில், பூச்சியை விரல்நுனியில் பிடித்து, கோல் வளையும்வரை பின்னிழுத்து, வில்லிலிருந்து அம்பு விடுவதுபோல் விட்டுவிடுவார்கள். பிள்ளைகள் இதை விரைவில் கற்றுக்கொள்கிறார்கள்.

வீச்சை விடப் பதுங்கலே முக்கியம். ட்ரௌட் நீரோட்டத்தை எதிர்நோக்கி நின்று, மிதந்து வரும் இரைக்குக் காத்திருக்கும். ஆகவே கீழ்ப்பக்கமிருந்து குனிந்து மேல்நோக்கி ஏறவேண்டும். மடுவின் வாலில் நின்று, வெள்ளை நுரை ஓடும் தடத்தின் தலைப்பில் பூச்சியை இறக்கவேண்டும். நரம்பு இழுபட்டுப் பூச்சி நீரைக் கீறினால் மீன் சீண்டாது. மிதவைப் பூச்சிகளில் பாரசூட் ஆடம்ஸ், எல்க் ஹேர் காடிஸ் இரண்டும் இங்கே எல்லார் பெட்டியிலும் இருப்பவை. வசந்தம் முடிந்து கோடை தொடங்கும்போது மஞ்சள் நிற ஸ்டோன்ஃபிளைகள் பறக்கும். பாறையின் காய்ந்த பக்கத்தில் ஒட்டியிருக்கும் அவற்றின் வெற்றுத்தோல்களைப் பிள்ளைகளுக்குக் காட்டினால், எந்தப் பூச்சியைக் கட்டலாம் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

விதிகள் கண்டிப்பானவை. ஒற்றை முள் கொண்ட செயற்கைப் பூச்சிக்கும் செயற்கை இரைக்குமே அனுமதி, உயிரிரை கூடாது. இரு மாநிலங்களில் எதன் உரிமம் இருந்தாலும் பூங்கா முழுவதும் செல்லும். டென்னசியில் 13 வயதுக்கும், வட கரோலைனாவில் 16 வயதுக்கும் குறைந்தோருக்கு உரிமம் தேவையில்லை. ஒருவர் ஒரு நாளில் ஐந்து ட்ரௌட் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 7 அங்குலமாவது இருக்கவேண்டும். ப்ரூக் ட்ரௌட் பலவும் அந்த அளவை எட்டுவதில்லை. விடும் மீனைக் கையை நனைத்துக்கொண்டே தொடவேண்டும். உலர்ந்த கை அதன் வழுவழுப்புப் படலத்தை உரித்துவிடும். பாசி படிந்த பாறைகளும் மழைக்குப் பின் திடீரெனப் பெருகும் வெள்ளமும் ஆபத்தானவை. பிள்ளை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

மீனுக்கு ஓய்வு கொடுக்கும் நேரத்தில் பிள்ளைகள் கற்களைப் புரட்டி அணை கட்டத் தொடங்குவது இயல்பு. பூங்காவில் அது தடைசெய்யப்பட்ட செயல். கல்லடியில்தான் சலமாண்டர்களும் சிறு மீன்களும் முட்டையிடுகின்றன. ஸ்மோக்கி மேட்டம் என்ற விரலளவுக் கெளுத்தியும் அப்படிப்பட்டதே. 1957இல், ரெயின்போவுக்கு இடம் பண்ணுவதற்காகப் பூங்காவின் ஏப்ரம்ஸ் ஓடையில் ரோட்டினோன் நஞ்சைக் கலந்தார்கள். செத்து மிதந்த மீன்களிலிருந்துதான் இந்த இனம் உலகுக்கே தெரியவந்தது. அழிந்துபோனதாகக் கருதப்பட்ட அது, 1980இல் பக்கத்து சிடிகோ ஓடையில் உயிரோடு கிடைத்தது. பிறகு வளர்த்து ஏப்ரம்ஸிலேயே மீண்டும் விட்டார்கள்.

ப்ரூக் ட்ரௌட்டைப் பிடிக்க 1970களின் நடுப்பகுதியில் விதித்த தடை 2006இல் நீங்கியது. வெளியினங்களை அகற்றி ப்ரூக் ட்ரௌட்டைத் திரும்பக் குடியேற்றிய லின் கேம்ப் பிராங் ஓடை, 2015இல் தூண்டிலுக்குத் திறக்கப்பட்டது. ட்ரெமோன்ட் சாலை முடியும் இடத்தில் தொடங்கும் நடைபாதை அதன் கரையோரமாகவே ஏறுகிறது. அதுவும் பழைய ரயில்தடம்தான்.